கதவைச் சாத்திய மருந்து

ஒரு மருந்து ஆபத்தானது என்று தெரிந்து கம்பெனியே அதை வாபஸ் வாங்கிவிட்டது. இரண்டு பேர் இறந்தும் போயிருந்தார்கள். நோயாளிகள் என்ன செய்திருக்க வேண்டும்? 'தப்பித்தோம்டா சாமி' என்று பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால், 2006 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்தது நேர் தலைகீழ். நோயாளிகள் வரிசையாக அரசாங்க நிபுணர் குழுவின் முன்னால் வந்து, அதே மருந்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார்கள்!

பைத்தியக்காரத்தனமா? அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். முதலில் நோயைப் பாருங்கள்.

மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். நரம்பை ஒரு மின்சார ஒயர் என்று வைத்துக்கொண்டால், அதன் மேலே மையலின் என்றொரு உறை. நம்மைக் காப்பாற்ற வேண்டிய ரத்த வெள்ளையணுக்களே மூளைக்குள்ளும் தண்டுவடத்துக்குள்ளும் புகுந்து அந்த உறையைப் பதம் பார்க்கின்றன. வேலியே பயிரை மேய்கிற கதை. பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் ஆரம்பிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஒருநாள் கண் மங்கும். இன்னொரு நாள் கால் மரத்துப்போகும். சில வாரங்களில் சரியாகிவிடும். 'அப்பாடா' என்று நிமிர்ந்தால், கொஞ்ச காலம் கழித்து மறுபடி அடி! ஒவ்வொரு அடியும் நிரந்தரமாகக் கொஞ்சம் சேதாரத்தை விட்டுவிட்டுப் போகலாம்.

1868-ல் பாரிஸ் டாக்டர் ஷார்கோ இந்த நோயை முறையாக விவரித்தார். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலாக, நோயின் போக்கை மாற்றுகிற மருந்து ஒன்றுகூட அங்கீகாரம் பெறவில்லை. 1993-ல்தான் அமெரிக்காவில் இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி வந்தது. கேட்டவர்கள் ஏராளம், உற்பத்தியோ கொஞ்சம். என்ன செய்தார்கள் தெரியுமா? குலுக்கல்! யாருக்கு முதலில் மருந்து என்பதை லாட்டரி தீர்மானித்தது. 1996-ல் இன்னும் இரண்டு ஊசிகள் சேர்ந்துகொண்டன. உயிருக்கு உலை வைக்காத மருந்துகள்தான். ஆனால், தாக்குதல்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குறைத்தன.

2004 நவம்பரில் வந்து சேர்ந்தது நாடலிசுமாப். நாலு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ். தாக்குதல்கள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன! சூட்சுமம் எளிமையானது. வெள்ளையணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் மூளைக்குள் நுழைய முடியும். அந்தப் பிடியை இந்த மருந்து மறைத்துவிடும். கதவு சாத்தியாச்சு!

பிரமாதம். ஆனால், சாத்திய கதவு திருடனை மட்டுமா தடுக்கும்? போலீஸும் உள்ளே வர முடியாதே!

ஜே.சி. வைரஸ் என்றொரு கிருமி. பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருப்பது. காவல் இல்லாத மூளையில் அது ஆட்டம் போட்டது. மருந்துச் சோதனைகளில் பங்கெடுத்த மூன்று பேருக்கு பி.எம்.எல். என்கிற கொடூரமான மூளை நோய். இருவர் இறந்தார்கள். விற்பனைக்கு வந்து மூன்றே மாதம், 2005 பிப்ரவரி 28-ம் தேதி மருந்து வாபஸ்.

மருந்து எடுத்தவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சோதித்ததில் கணக்கு வந்தது: ஆயிரத்தில் ஒருவர்.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால்? தன் காலில் நடந்து வருகிற ஒருவருக்கு, உயிரைப் பறிக்கக்கூடிய மருந்தை எப்படிக் கொடுப்பது என்பது டாக்டரின் கவலை. நியாயம்தான். ஆனால், நோய் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லையே என்பது நோயாளியின் கவலை. அதுவும் நியாயம்தானே? மருந்து வேண்டாம் என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. வேறொரு ஆபத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவுதான்.

நிபுணர் குழு மருந்தைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. 2006 ஜூனில் வந்தது, கடிவாளத்தோடு. எடுப்பவர்கள் அத்தனை பேரும் பெயரைப் பதிய வேண்டும். எதிர்ப்புசக்தியை அடக்கும் வேறு மருந்துகளைக் கூடவே எடுக்கக் கூடாது. ஒவ்வொரு டிரிப்ஸுக்கும் முன்னால் விசாரணை உண்டு.

நிஜமான திருப்பம் 2012-ல். அந்த வைரஸின் சுவடு ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. அப்புறம்தான் 'ஆயிரத்தில் ஒருவர்' என்பதன் உள்விவகாரம் வெளியே வந்தது. சுவடே இல்லாதவர்களுக்கு ஆபத்து பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. சுவடு இருந்து, முன்பே எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்து சாப்பிட்டு, இதையும் இரண்டு வருஷத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கோ நூறில் ஒருவர்! மருந்து ஒன்றுதான். ஆபத்து ஆளுக்கு ஆள் நூறு மடங்கு வித்தியாசம்.

2006-ல் மன்றாடியவர்களில் யார் எந்தப் பக்கம் என்பது அவர்களுக்கும் தெரியாது, குழுவுக்கும் தெரியாது. தெரியாமலேதான் முடிவெடுத்தார்கள்.

இன்று இந்த நோய்க்கு இருபது மருந்துகளுக்கு மேல் இருக்கின்றன. மாத்திரை, ஊசி, டிரிப்ஸ் என்று வகைவகையாக. குலுக்கல் தேவையில்லை. ஆனால், 'எது நல்ல மருந்து?' என்று மொட்டையாகக் கேட்டால் இன்றைக்கும் பதில் கிடையாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'என் நோய் எவ்வளவு வேகம்? என் உடம்பில் இந்த மருந்துக்கு என்ன ஆபத்து? எடுக்காவிட்டால் என்ன ஆபத்து?' மூன்றையும் டாக்டரிடம் சேர்த்தே கேளுங்கள். ஒன்றை விட்டுவிட்டாலும் கணக்கு தப்பும்.