ஐம்பது கிராம்

போன ஜூன் மாதம் என் இயர்போனின் இடது பக்கம் செத்துப்போனது. ப்ளக்குக்குப் பக்கத்தில் ஒயரை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால் உயிர் வரும், விட்டால் போய்விடும். ஒரு வாரம் அப்படி விரலால் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் பாட்டு கேட்டேன். பிறகு அலுவலகத்தில் சாப்பிடும்போது, புதுசு வாங்க வேண்டும், மூவாயிரம் வரைக்கும் போகலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். "மூவாயிரத்துக்கு ஒண்ணும் உருப்படியா கிடைக்காதுடா, இன்னும் ரெண்டாயிரம் சேத்துக்கோ" என்றான் ஒருவன். அவனுக்கு எதிரில் இருந்தவன் எட்டாயிரத்தில் ஆரம்பித்தான். எட்டாயிரம் வைத்திருப்பவனுக்குப் பதினைந்தில் ஒன்று காத்திருந்தது. ஒவ்வொருவன் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. மூன்று வேளைச் சாப்பாட்டுப் பேச்சில் நான் இருபத்தையாயிரம் ரூபாய் ஹெட்போன் ஒன்றின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேறு ஒரு கவலையும் இருந்தது. கொஞ்ச நாளாக ராத்திரி படுத்தால் இடது காதில் மெல்லிய ரீங்காரம். டியூப்லைட் சோக் போடுமே, அந்த மாதிரி. டாக்டர் பெரிதாகப் பயமுறுத்தவில்லை. எவ்வளவு சத்தமாகக் கேட்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆகவே வாங்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, கூடுதலாகக் கொடுக்கும் அந்த ரெண்டாயிரம் எதற்குப் போகிறது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் என்னை விலைப்பட்டியலிலிருந்து வரலாற்றுக்குள் தள்ளிவிட்டது.

ஹெட்போன் பாட்டுக் கேட்கப் பிறந்த பொருள் இல்லை. 1910-இல் யூட்டா மாகாணத்தைச் சேர்ந்த நதானியல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்த ஜோடியை அமெரிக்கக் கடற்படை வாங்கியது. கம்பியில்லாத் தந்தி கேட்பதற்காக. ஒரு தடவைக்குப் பத்துதான் செய்து தர முடியும் என்றாராம். அதன்பின் பல பத்தாண்டுகள் ஹெட்போன் என்றால் ராணுவம், தொலைபேசி நிலையம், வானொலி ஆபரேட்டர். 1937-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் டிடி 48 என்று ஒன்றைச் செய்தது. இன்று நம் காதில் இருப்பதைப் போலவே சுருளும் காந்தமும் சவ்வும் கொண்டது. ஆனால் அதுவும் வேலைக்காரர்களின் கருவிதான்.

பாட்டுக்கென்று ஒன்று வந்தது மில்வாக்கி நகரத்தில். ஜான் காஸ் என்பவருக்குக் கல்யாணம். சோஃபா வாங்கச் சொல்லி 200 டாலர் பரிசு கொடுத்தார்கள். மனுஷன் சோஃபா வாங்கவில்லை. அந்தப் பணத்தில் டிவி பெட்டிகள் வாங்கி ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். (புது மனைவி என்ன சொன்னார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.) 1958-இல் அவரும் மார்ட்டின் லாங்கே என்ற பொறியாளரும் சேர்ந்து, கையில் தூக்கிப் போகக்கூடிய ஒரு ரெக்கார்டு பிளேயரைச் செய்தார்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு இல்லாமல் கேட்கலாம் என்று காட்டுவதற்காகச் சின்ன ஸ்பீக்கர்களை வைத்து ஒரு ஹெட்போனையும் ஒட்டுப்போட்டுச் செய்திருந்தார்கள். உள்ளூர் ஹைஃபை கண்காட்சியில் வந்தவர்கள் பிளேயரைக் கண்டுகொள்ளவில்லை. ஹெட்போனைத்தான் கழற்ற மறுத்தார்கள். காஸ் எஸ்பி/3 அப்படி வந்தது.

வந்தது சரி, ஆனால் அந்தத் தலைமுறை ஹெட்போன்கள் கனத்தவை. தலையில் ஒரு பூட்டு மாட்டிய மாதிரி. 1968-இல் சென்ஹைசர் எச்டி 414 காதைப் பூட்டாமல், மஞ்சள் ஸ்பாஞ்ச் வழியாகக் காற்றை உள்ளேயும் வெளியேயும் விட்டது. திறந்த ஹெட்போன் என்று இன்று சொல்கிற வகைக்கு அதுதான் மூத்தது. ஆனால் அதையும் நடந்துகொண்டே கேட்க முடியாது. அதன் மின்தடை 2000 ஓம். இங்கே கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளவும். ஒரு வோல்ட் கொடுத்தால் 2000 ஓம் ஹெட்போனுக்குப் போவது அரை மில்லிவாட். அதே ஒரு வோல்ட் 60 ஓமுக்குப் பதினாறு மில்லிவாட்டுக்கு மேல் கொடுக்கும். வீட்டு ஆம்ப்ளிஃபயரில் வோல்ட்டுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் பெட்டியில் உண்டு.

அந்த இரண்டு பேட்டரிப் பெட்டி 1979 ஜூலை 1 அன்று டோக்கியோவில் கடைக்கு வந்தது. விலை 33,000 யென். வாக்மேனின் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் பெட்டியைப் பற்றியே சொல்வார்கள். நீண்ட விமானப் பயணத்தில் கேட்க ஏதாவது வேண்டும் என்று இபுகா கேட்டது, பத்திரிகையாளர்களின் பேட்டி ரெக்கார்டரிலிருந்து ரெக்கார்டு செய்யும் பாகத்தைப் பிடுங்கி எறிந்து பிளேயராக்கியது, தனியாகக் கேட்பது மரியாதையில்லை என்று மொரிட்டா பயந்து இரண்டு பேர் கேட்க இரண்டு ஓட்டை வைக்கச் சொன்னது. (பின்னாளில் அந்த இரண்டாவது ஓட்டை மாதிரிகளிலிருந்து மறைந்துபோனது. மொரிட்டா பயந்தது சரிதான்.) எனக்கென்னவோ அந்தப் பெட்டியைவிட அதோடு வந்த ஹெட்போன்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. அன்றைக்குச் சந்தையில் இருந்தவை 300, 400 கிராம். பெட்டியைவிட ஹெட்போன் பெரிதாக இருந்தால் அதை யார் தெருவில் போட்டுக்கொண்டு போவார்கள்? சோனியின் இன்னொரு ஆய்வுக்கூடத்தில், வாக்மேனுக்குச் சம்பந்தமே இல்லாமல், 50 கிராம் எடையில் ஒரு ஹெட்போன் முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டையும் சேர்த்தார்கள்.

50 கிராம் எப்படிச் சாத்தியமானது? காந்தம். 1960-களில் அமெரிக்க விமானப்படை ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஸ்ட்ரனாட்டும் கூட்டாளிகளும் சமேரியம், கோபால்ட் போன்ற தனிமங்களைக் கலந்து, பழைய காந்தங்களைவிடப் பல மடங்கு வலுவுள்ள காந்தத்துக்கு வழி போட்டார்கள். காந்தம் வலுத்தால் அதே சத்தத்துக்குச் சின்னத் துண்டு போதும். சின்னத் துண்டை மெல்லிய பிளாஸ்டிக் சவ்வின் பின்னால் வைத்தால், தாங்கிப்பிடிக்க ஒரு தகட்டு வில்லும் இரண்டு ஸ்பாஞ்சு வட்டமும் போதும். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடமும் தனித்தனியாக நியோடிமியம் காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். ஹார்டு டிஸ்க்குக்கும் கார் மோட்டாருக்கும் அது போனது. கடைசியில் அது என் சட்டைப் பையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து 1984. இந்த வருஷத்தில்தான் என் தேடல் ரொம்ப நேரம் தங்கிவிட்டது. அந்த மில்வாக்கி காஸ் கம்பெனி அந்த வருஷம் போர்ட்டா ப்ரோ என்று ஒன்றை வெளியிட்டது. மடித்துக் கொக்கி மாட்டிப் பையில் போடலாம். 60 ஓம். காதில் அழுத்தாமல் நெற்றிப்பொட்டில் பாரத்தைத் தாங்க இரண்டு சின்ன மெத்தை. ரோபோ மண்டைக்குச் செய்த மாதிரி ஒரு வடிவம். அதே வருஷக் கடைசியில் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. ஹெட்போனைத் தாண்டி மற்றதிலெல்லாம் கை வைத்துக் கடன் ஏறிவிட்டது. மறு வருஷம் தப்பித்து வந்தார்கள். போர்ட்டா ப்ரோ இன்றும் கிட்டத்தட்ட அதே உருவத்தில், அமெரிக்காவில் 50 டாலர் சுமாருக்கு, வாழ்நாள் உத்தரவாதத்தோடு கிடைக்கிறது.

நாற்பது வருஷம் ஒரு எலக்ட்ரானிக் பொருள் உருவம் மாறாமல் விற்பது என்றால் அது வெறும் பழங்கால ஏக்கம் இல்லை. நான் நண்பன் ஒருவனுடையதை வாங்கிக் கேட்டேன். கொஞ்சம் பேஸ் தூக்கல், உண்மைதான். ஸ்பாஞ்சு ஹெட்போனில் சவ்வின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலந்து ஆழமான பேஸ் கரைந்துவிடும். அதை ஈடுகட்ட அதற்குச் சற்று மேலே மேடு போட்டிருக்கிறார்கள். 80-களின் இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் ஓடுகிற இடம் சரியாக அந்த மேட்டில் விழுகிறது. அரை மணி நேரம் திருப்பிக் கொடுக்கவில்லை.

இதே சமயத்தில் விலைக்கு என்ன ஆனது? 2017-இல் யெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை எடுத்து, ஒலி எந்த அலைவரிசையில் எவ்வளவு வருகிறது என்பதற்கும் கடை விலைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார். தொடர்பு இல்லை. நான் இதைப் படித்துவிட்டு முதலில் நம்பவில்லை. நாம் 'தரம்' என்று கேட்பதில் பெரும்பங்கு இந்த அலைவரிசைச் சமநிலைதான். கொஞ்சம் யோசித்தால் புரிகிறது. சவ்வும் சுருளும் காந்தமும் செய்யச் செலவு குறைவு. எப்படி ஒலிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். 2012-13 வாக்கில் ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் ஆட்களை உட்கார வைத்துக் கேட்கச் செய்து, பெரும்பாலானோருக்குப் பிடிக்கும் வளைகோடு இதுதான் என்று கட்டுரைகளாக வெளியிட்டார்கள். பிறகு அந்த அறிவு யாருக்கும் சொந்தமில்லை. சில வருஷத்தில் சீன நிறுவனங்கள் 20 டாலர் இயர்போனை வளைகோட்டைப் பார்த்துத் தீட்ட ஆரம்பித்துவிட்டன. 2022-இல் வந்த மூன்டிராப் சூ அந்த விலைதான்.

மீதிப் பணம் வேறு விஷயங்களுக்குப் போகிறது. ஒயரை எடுப்பதற்கு, பெட்டிக்கு, விளம்பரத்துக்கு. 2016-இல் ஐபோன் 7 ஓட்டையை அடைத்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக அடைத்தார்கள். ஒயர் போனதும் ஹெட்போனுக்குள் பேட்டரி வந்தது. போர்ட்டா ப்ரோவின் ஒயர் அறுந்தால் ஒட்டிக்கொள்ளலாம். காதுக்குள் போகிற குட்டி பேட்டரி மூன்று வருஷத்தில் செத்தால் முழுசையும் தூக்கிப் போடவேண்டியதுதான். இதை மேல்படி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டுப் போர்ட்டா ப்ரோவையே வாங்கியிருப்பேன் என்று நினைப்பீர்கள். டாக்டரின் கேள்வி நடுவில் நின்றது. ஸ்பாஞ்சு வழியாகப் பாட்டு வெளியே போகும், பஸ் உள்ளே வரும். என் பஸ்ஸில் போன் செயலி காட்டிய அளவு 80 டெசிபலைத் தாண்டியே ஆடியது. துல்லியக் கருவி இல்லைதான், ஆனாலும். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்றால் எங்கே வைக்க வேண்டும்? அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வகம் வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-இல் நாலு, 91-இல் ரெண்டு, 94-இல் ஒன்று. என் பயணம் போக வர இரண்டரை மணி நேரம். இந்தக் கணக்கைப் போட்ட ராத்திரி ரீங்காரம் கொஞ்சம் சத்தமாகவே கேட்டது.

சத்தத்தை வெளியே நிறுத்த வரலாற்றில் இரண்டு வழி. ஒன்று அமர் போஸின் வழி. வங்காளத்திலிருந்து போன சுதந்திரப் போராட்டக்காரரின் மகன். 1978-இல் விமானத்தில் ஹெட்போனைப் போட்டு, இரைச்சலில் ஒன்றும் கேட்காமல், எதிர் அலையைப் போட்டு இரைச்சலைத் தின்னும் கணக்கை அங்கேயே கிறுக்க ஆரம்பித்தவர். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது 1989-இல் வந்தது. இன்னொன்று மீட் கில்லியனின் வழி. செவித்திறன் ஆய்விலிருந்து வந்த மனிதர். அவர் 1991-இல் கொண்டுவந்த எடிமோட்டிக் இஆர்-4 காதுத் துவாரத்தையே அடைத்துக்கொண்டு உட்காரும். பேட்டரி கிடையாது, கணக்கு கிடையாது. ரப்பர் மூடி, அவ்வளவுதான். முதல் வழியை நன்றாகச் செய்ய இன்றும் காசு வேண்டும். இரண்டாவது வழி 20 டாலருக்கு இறங்கிவிட்டது.

கடைசியில் இரண்டு வாங்கினேன். பஸ்ஸுக்கு, காதை அடைக்கும் அந்த 20 டாலர் சீன இயர்போன். வீட்டுக்கு, காஸ் கம்பெனியின் கேஎஸ்சி75. போர்ட்டா ப்ரோவின் தம்பி, அதே 60 ஓம், தலைப்பட்டை இல்லாமல் காதில் கொக்கி போட்டு நிற்பது. அமெரிக்காவிலிருந்து வந்த நண்பன் 20 டாலருக்குக் கொண்டுவந்தான். டாங்கிளையும் சேர்த்து மூவாயிரத்தைத் தாண்டி ஒரு எழுநூறு ஆனது. சாப்பாட்டு மேசையில் சொன்னபோது, "அப்ப நான் சொன்ன மாதிரி கூடத்தான போட்ட" என்றான் முதலாமவன்.

பஸ்ஸில் முன்பு போனில் 13-ஆம் கோடு வரை ஏற்றிய இடத்தில் இப்போது 7 போதும். ரீங்காரம் போகவில்லை, ஏறவும் இல்லை. வீட்டில் ராத்திரி ஸ்பாஞ்சைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் குக்கர் விசில் எண்ணிக்கை தவறுவதில்லை. அம்மா ஒரு நாள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்னடா இது, பழசா வாங்கிட்டு வந்திருக்க?"