கரு தங்க ஒரு மாத்திரை

இரண்டு மூன்று முறை கரு கலைந்துபோன பெண் மறுபடி உண்டாகியிருக்கும்போது, சும்மா இருப்பது அவளாலும் முடியாது, அவளைப் பார்க்கும் மருத்துவராலும் முடியாது. அடிவயிற்றில் லேசாக இழுத்துப் பிடித்தாலும் பயம், ஒரு நாள் மசக்கை குறைந்தாலும் பயம். இந்தப் பயத்துக்கு ஒரு நாடே மாத்திரை விழுங்கிய காலம் உண்டு. 1940களிலிருந்து 1971 வரை அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு எழுதித் தரப்பட்ட டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டெஸ், அந்த மாத்திரை. இந்த வரலாற்றை மருந்து கம்பெனிகளின் பேராசைக் கதையாகச் சொல்வதே வழக்கம். பேராசை இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பலன் இல்லை என்று சோதனையில் தெரிந்த பிறகும் ஒரு மருந்து 18 ஆண்டுகள் புழங்கியதற்குப் பேராசை மட்டும் போதுமான காரணம் ஆகாது. டெஸ் கருவைக் காக்கவில்லை. கர்ப்பிணியின் பயத்தையும் மருத்துவரின் கையறு நிலையையும் தணித்தது. அந்த வேலைக்காகவே அது நிலைத்தது என்பது என் கருத்து.

1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் ஆய்வுக்கூடத்தில் செய்த செயற்கை ஈஸ்ட்ரோஜன் இது. காப்புரிமை எடுக்கவில்லை என்பதால் யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், வாயால் விழுங்கலாம், விலையும் மலிவு. கர்ப்பத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் பாஸ்டன் பக்கம் புரூக்லைனில் இருந்த பெண்கள் மருத்துவமனையைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் தம்பதியர். கரு கலைவதற்கு முன் உடலில் ஹார்மோன் குறைகிறது, டெஸ் கொடுத்தால் உடல் அதைத் தானே கூடுதலாகச் சுரக்கும் என்பது அவர்களுடைய கணிப்பு. ஏழாம் வாரத்தில் தினம் 5 மில்லிகிராம், பிறகு படிப்படியாக ஏற்றி 35ஆம் வாரத்தில் 125 மில்லிகிராம் என்று அட்டவணையே போட்டார்கள். நாளை என்ன ஆகுமோ என்று கிடக்கும் ஒருத்திக்கு, இன்றைக்கு இத்தனை, அடுத்த வாரம் இன்னும் ஒன்று என்று ஏறிக்கொண்டே போகும் கணக்கு எவ்வளவு பெரிய பிடிமானமாக இருந்திருக்கும்! 632 கர்ப்பங்களைப் பற்றிய ஆலிவ் ஸ்மித்தின் அறிக்கை 1948இல் வெளியானது. முடிவுகள் பிரமாதமாகத் தெரிந்தன. மருந்து எடுக்காதவர்களை அதே முறையில் கவனித்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. இதைவிடப் பெரிய கோளாறு இன்னோர் இடத்தில் இருந்தது. மூன்று முறை கரு கலைந்தவருக்கு நான்காவதும் கலைய 73% வாய்ப்பு என்று 1938இல் மால்பாஸ் காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தார். பிறகு ஈஸ்ட்மன் அதை 80%க்கும் மேலே ஏற்றினார். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் எந்த வைத்தியமும் அற்புதம்தான். 1964இல் வார்பர்ட்டனும் ஃப்ரேசரும் உண்மையான குடும்பங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது அந்த வாய்ப்பு 25 முதல் 30% வரைதான் என்று தெரிந்தது. ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலோருக்குப் பிள்ளை தங்கியிருக்கும். அந்தப் புகழ் மாத்திரைக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கு அறிவியல் அவ்வளவுதான், இன்றைய அளவுகோலால் அன்றைய மருத்துவரைக் குற்றம் சொல்லலாமா என்று கேட்கலாம். 1948க்கு அந்தக் கேள்வி நியாயமானது. 1953க்குப் பிறகு செல்லாது. அந்த ஆண்டு சிகாகோ லையிங்-இன் மருத்துவமனையில் டீக்மன் குழுவினர் 1,646 பெண்களை இரண்டாகப் பிரித்து, 840 பேருக்கு டெஸ்ஸும் 806 பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்து முடிவை வெளியிட்டார்கள். கருச்சிதைவோ குறைப்பிரசவமோ குறையவில்லை. சிகாகோ பெண்கள் பொதுவான கர்ப்பிணிகள், கரு கலைந்த வரலாறு உள்ளவர்கள் அல்ல என்று டெஸ் தரப்பு வாதாடியது. வாதத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் கரு கலையும் அறிகுறி தெரிந்த பெண்களை வைத்து 1952இல் நியூயார்க்கில் ராபின்சனும் ஷெட்டில்ஸும் செய்த ஒப்பீட்டிலும் பலன் தெரியவில்லை. பாடப் புத்தகங்கள் மெல்லப் பின்வாங்கின, மருந்துச்சீட்டுகள் பின்வாங்கவில்லை. 1957இல் ஒரு மகப்பேறு மருத்துவ இதழில் கொழுகொழு குழந்தைப் படத்தோடு வந்த விளம்பரம், எல்லாக் கர்ப்பத்துக்குமே டெஸ் நல்லது என்றது. விளம்பரத்தை நம்பித்தான் மருத்துவர்கள் எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. எதிரே அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் பொறுத்திருந்து பார்ப்போம் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. கெடுதல் ஒன்றும் இல்லையே, கொடுத்துப் பார்ப்போம் என்பதே அந்தத் தொழிலின் பழக்கமாக இருந்தது.

கெடுதல் 1971 ஏப்ரலில் வெளியே வந்தது. பாஸ்டனில் 15 முதல் 22 வயதுக்குள் எட்டுப் பெண்களுக்குப் பிறப்புறுப்பில் அந்த வயதில் காணவே கிடைக்காத ஒரு புற்றுநோய். ஹெர்ப்ஸ்ட் குழுவினர் விசாரித்தபோது அவர்களில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தில் டெஸ் சாப்பிட்டிருந்தார்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட 32 பேரின் தாய்மார்களில் ஒருவர்கூட இல்லை. இந்த முடிச்சை முதலில் சந்தேகித்துக் கேட்டவர் நோயாளி ஒருவரின் தாய் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் கர்ப்பத்தில் இதைத் தரக்கூடாது என்று அரசு அறிவித்தது. புற்றுநோய் வந்தவர்கள் குறைவு, ஏறத்தாழ ஆயிரம் மகள்களில் ஒருவர். கருப்பை வடிவம் மாறியவர்கள் அதிகம். 2011இல் ஹூவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கருவில் டெஸ் பட்ட மகள்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு 50%, மற்றவர்களுக்கு 39%. தாய் தன் கரு கலையாமலிருக்க விழுங்கிய மருந்து, மகளின் கருவைக் கலைத்தது.

மாத்திரை இல்லாமல் பயத்தைக் கவனித்தவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். நியூயார்க்கில் ஜாவெர்ட் ஆறுதலையும் அடிக்கடி சந்திப்பதையும் சிகிச்சையின் பகுதியாக்கினார். 1984இல் நார்வேயின் ஸ்ட்ரே-பெடர்சன் தம்பதியர், காரணம் தெரியாமல் கரு கலைந்த 61 பேரில் வாராவாரம் பரிசோதித்து ஆறுதல் சொல்லப்பட்ட 37 பேரில் 86% பேருக்கும், அப்படிக் கவனிக்கப்படாத 24 பேரில் 33% பேருக்கும் கர்ப்பம் நிலைத்ததாக எழுதினார்கள். லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையின் 1997 அறிக்கையும் இதே திசையில் பேசுகிறது. இவற்றைக் கொண்டாடுவோர் உண்டு. எனக்குத் தயக்கம் இருக்கிறது. யாருக்குக் கவனிப்பு, யாருக்கு இல்லை என்பது குலுக்கிப் போட்டு முடிவானதல்ல. ஸ்மித் தம்பதியரின் ஆய்வில் கண்ட அதே ஓட்டை இங்கும் உண்டு. பாசத்தோடு செய்த ஆய்வு என்பதற்காக அதற்குச் சலுகை தர முடியாது. தந்தால் இன்னொரு ஆபத்தும் கூடவே வரும்: ஆறுதல் கருவைக் காக்கும் என்றால், கலக்கம் கருவைக் கலைக்கும் என்று ஆகிவிடும். 1950களின் மனோதத்துவக் கட்டுரைகள் அதைத்தான் சொல்லின. தாய்மையை மனதுக்குள் மறுப்பவளுக்குத்தான் கரு நிற்பதில்லை என்று பழியை அவள் தலையிலேயே வைத்தன. தெரு முனையில் 'நீ கவலைப்பட்டதால்தான்' என்று சொல்பவருக்கும் அந்தக் கட்டுரைகளை எழுதியவர்களுக்கும் படிப்பு ஒன்றுதான் வித்தியாசம். தொடக்கத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் பிழையால் கலைகின்றன. அதற்கும் அவள் அழுததற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் மருந்தே வேண்டாமா? அப்படிச் சொன்னால் அது எதிர்ப்பக்க மூடத்தனம். ரத்தம் உறையும் ஆன்டிபாஸ்போலிப்பிட் கோளாறு உள்ளவர்களுக்கு ஆஸ்பிரினோடு ஹெப்பாரின் சேர்த்தால் பலன் உண்டு என்று 1997இல் ராய் குழுவினர் காட்டினார்கள். முன்பு கரு கலைந்து, இப்போது ரத்தப்போக்கும் உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டரோன் உதவலாம் என்பது 2019 பிரிட்டிஷ் சோதனையில் தெரிந்தது. காரணம் தெரியாத பலமுறை கருச்சிதைவுக்கு அதே மருந்தை 836 பெண்களிடம் சோதித்த 2015 முடிவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: மருந்து எடுத்தவர்களில் 65.8%, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 63.3% பேருக்குப் பிள்ளை பிறந்தது. இந்த இரண்டாவது எண்ணை 1948இல் யாராவது அளந்து வைத்திருந்தால் டெஸ் வந்த வேகத்திலேயே போயிருக்கும். கவனிப்பு வேண்டும் என்பதற்குக் கருவைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. ஒன்பது மாதமும் பயந்துகொண்டிருப்பவருக்குத் துணை தேவை, முடிவு எதுவானாலும். 2021இல் லான்செட் இதழின் கருச்சிதைவுக் கட்டுரைத் தொடர் மூன்று முறை கலையட்டும், பிறகு பார்க்கலாம் என்ற பழைய வழக்கத்தைக் கைவிடச் சொல்லி, முதல் முறை கலைந்ததிலிருந்தே தகவலும் மன ஆதரவும் தொடங்க வேண்டும் என்று எழுதியது.