மணற்பலகையும் மணற்பெட்டியும்: பேரா தோட்டப்புறச் சிறார் கல்விப் பின்னணியில் ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொணர்ந்தது. 2003ஆம் ஆண்டு முதல் தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் கட்டாயமாக்கப்பட்டது. இதன் பின்னர்ப் பாலர் வகுப்புக்குரிய விளையாட்டுச் சாதனங்களைப் பற்றிய சிந்தனை தமிழ்ப் பள்ளிச் சூழலிலும் வலுப்பெற்றது. அவற்றுள் ஒன்று, கால்கள் மீது உயர்த்தி அமைக்கப்படும் மர மணற்பெட்டி. இதனை முழுவதும் மேலைநாட்டு வரவாகக் கருதுவோர் உளர். தமிழர் கண்டதே என்று உரிமை கோருவோரும் உளர். இவ்விரு கருத்துகளும் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதையும், ஈப்போவையும் அதனைச் சூழ்ந்த முன்னாள் இரப்பர்த் தோட்டங்களையும் பொறுத்தவரை இதன் பொருள் என்ன என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தமிழ் மரபில் மணல்

தமிழ் இலக்கியத்தில் மணல் குழந்தையின் முதல் விளையாட்டுப் பொருளாகக் காட்சியளிக்கின்றது. சிறுமியர் மணலில் கட்டும் சிறுவீடு ‘சிற்றில்’ எனப்பட்டது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியிலும் ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் சிற்றில் இடம்பெறுகின்றது. பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றாகவே சிற்றில் நிலைபெற்றது.

விளையாட்டுக்கு உதவிய மணலே கல்விக்கும் உதவியது. திண்ணைப் பள்ளியில் ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வருமுன்னர், மாணவன் மணலில் விரலால் எழுதியே எழுத்தறிந்தான். முன்னேறிய மாணவனான சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தான். செலவின்மை, அழித்தெழுதும் எளிமை, விரலுக்கும் ஒலிக்கும் உள்ள நேரடித் தொடர்பு ஆகிய மூன்றும் இம்முறையின் சிறப்புகள் எனலாம்.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் (1753–1832) 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த முனைந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்னும் சிறுவனைக் கொண்டே அரிச்சுவடி வகுப்பை நடத்தினார். தம் அனுபவத்தை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்னும் பெயர் இவ்வாறு தோன்றியது.

1798இல் இலண்டனில் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் மணலைப் பயன்படுத்தினார். ஆனால் அவர் அதனைத் தரையிலிருந்து மேலே உயர்த்தினார். சுற்றிலும் விளிம்புச் சட்டம் அடித்த மர மேசையில் உலர்மணல் பரப்பப்பட்டது. எழுதி முடித்ததும் மணல் மீண்டும் சமன் செய்யப்பட்டது. திண்ணைப் பள்ளியின் தரைமணல் ஐரோப்பிய வகுப்பறையில் மரத்தளவாடமாக வடிவம் மாறிய கட்டம் இதுவே.

எனினும் இன்றைய மணற்பெட்டி இதன் நேர்வழித் தோன்றல் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. லங்காஸ்டரின் மணல் எழுதுவதற்கானது. இன்றைய மணல் விளையாடுவதற்கானது. விளையாட்டு மணலின் வரலாறு ஜெர்மனியோடு தொடர்புடையது. ஃபிரெட்ரிக் ஃபுரோபல் 1840இல் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்ட பாலர் கல்வி முறை அங்கே வேரூன்றியது. பெர்லின் பூங்காக்களின் மணற்குவியல்களை முன்மாதிரியாகக் கொண்டு 1885இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ‘மணல் தோட்டம்’ அமைந்தது. ஆகவே எழுத்து மணல், விளையாட்டு மணல் என இரு கிளைகள் உள்ளன. முதற்கிளையில் தமிழகத்தின் பங்கு ஐயத்திற்கு இடமற்றது. இரண்டாவதற்கும் சிற்றிலுக்கும் இடையே ஒப்புமை உண்டு; தொடர்பு உண்டென்று கூறச் சான்றில்லை.

பேராவில் ஆயாக் கொட்டகை

1877இல் கோலாகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகள் பேராவின் சமுதாய அமைப்பை மாற்றிய பெருந்தொழிலுக்கு முன்னோடிகளாயின. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்துவிட்டுப் பால்வெட்டுக்குப் போன தாய்மார், கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றனர். வயது முதிர்ந்த பெண் ஒருவர் ஏணைகளை ஆட்டியும் நடைபயிலும் பிள்ளைகளைக் கண்காணித்தும் வந்தார். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. தோட்டப்புறக் கல்வி வரலாறு எழுதப்படும்போது இச்சட்டமே பெரும்பாலும் தொடக்கமாகின்றது. அதற்கு முந்திய பருவத்துப் பிள்ளைகள் வளர்ந்த இடமான ஆயாக் கொட்டகை கல்வி வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. பேச்சும் பாட்டும் கூட்டு விளையாட்டும் அப்பிள்ளைகளுக்கு அங்கேதான் அறிமுகமாயின.

அவர்கள் விளையாடிய மண் தீங்கற்றதாகவும் இருக்கவில்லை. கழிப்பிட வசதி குறைந்த லயங்களைச் சூழ்ந்த ஈரமண்ணில் கொக்கிப்புழுவின் நுண்புழுக்கள் வாழ்ந்தன. வெறுங்காலின் தோல் வழியே அவை உடலுள் புகுந்தன. 1915 முதல் 1917 வரை கிழக்கு நாடுகளில் இந்நோயை ஆராய்ந்த ராக்ஃபெல்லர் அறநிறுவனக் குழு மலாயாவிலும் ஆய்வு நடத்தியது. குழந்தைக்கு மணல் வேண்டும், ஆனால் அது தூய மணலாக இருக்க வேண்டும் என்பதை இந்நோயின் வரலாறே உணர்த்துகின்றது. மணலைத் தரையிலிருந்து உயர்த்துவதன் தேவை இங்கே தெளிவாகின்றது.

ஈப்போவின் மணல்

கிந்தாப் பள்ளத்தாக்கில் மணலுக்குப் பஞ்சமில்லை. மரத்தூண்கள் மீது உயரக் கட்டிய ‘பாலோங்’ என்னும் சாய்தளத்தில் சேற்றுநீரை ஓட்டி ஈயத்தைப் பிரித்தபின், எஞ்சிய மணல் ஈயக்குட்டைகளின் ஓரமெங்கும் குவிந்தது. 1985இல் ஈய விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் மூடப்பட்டன, மணல்வெளிகள் எஞ்சின. ஆனால் சுரங்கக் கழிவனைத்தும் ஒரு தன்மையது அன்று. ஈயத்தோடு கிடைக்கும் ‘ஆமாங்’ என்னும் கனிமக் கலவையில் கதிரியக்கம் கொண்ட மோனசைட்டு உண்டு. அதனைப் பதப்படுத்திய ஆலை ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் தொடங்கியது. ஊர்மக்கள் தொடுத்த வழக்கில் 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அத்தீர்ப்பு மேல்முறையீட்டில் மாற்றப்பட்டபோதும் 1994இல் ஆலை மூடப்பட்டது. எனவே இப்பகுதியில் பாலர் பள்ளிக்கு மணல் கொணர்வோர், அது எங்கிருந்து வந்தது என வினவுதல் இன்றியமையாதது. மூலம் அறிந்த, கழுவிய ஆற்றுமணலே ஏற்றது.

பெட்டிக்கான மரமும் கருதத்தக்கது. இரப்பர் மரப்பலகை இம்மண்ணின் வரலாற்றை நினைவூட்டுவதாயினும் மழையிலும் பூச்சியிலும் விரைந்து கெடும். செங்கால் போன்ற வன்மரம் நெடுநாள் நிற்கும். நிற்கும் குழந்தையின் இடுப்பளவு உயரமும், நீர் வடியத் துளைகளும், பூனைகள் அசுத்தம் செய்யாதிருக்க மூடியும் தேவை. கால்களுக்கிடையே இடைவெளி விட்டால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் மற்றவரோடு சேர்ந்து ஆட இயலும்.

முடிவுரை

மணற்பெட்டியைத் தமிழர் கண்டுபிடிப்பு எனல் மிகையாகும்; அந்நியப் பொருள் எனல் வரலாற்றை மறத்தலாகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் மக்கள் புந்தோங் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தபோது, ஆயாக் கொட்டகையோடு குழந்தைகளின் பொது விளையாட்டிடமும் மறைந்தது. மாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு மண்ணைத் தொடும் வாய்ப்பே அரிது. அவ்வாய்ப்பைத் தூய்மையாகவும் அனைவருக்கும் பொதுவாகவும் மீட்டளிப்பதே இம்மரப்பெட்டியின் பயன். பழைய தோட்டங்களில் ஆயாவாகப் பணிபுரிந்தோருள் இன்றும் நம்மிடையே வாழ்வோரின் வாய்மொழிச் செய்திகளைத் தொகுத்தல், நம் ஆய்வாளர்கள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.