இருபத்தாறும் பத்தும்

மருத்துவ ஆய்விதழ்களின் பழைய தொகுதிகளைப் புரட்டுவது இலக்கிய வாசகருக்கு உவப்பான வேலை அன்று. எனினும், அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1952இல் தொடங்கிய 'டயபடீஸ்' இதழின் 1970ஆம் ஆண்டு இணைப்பிதழ் ஒன்றை நாம் கடந்துபோக இயலாது.

டால்பியூட்டமைடு என்னும் மாத்திரை அந்நாட்டில் 1957 முதல் விற்பனையில் இருந்தது. ஊசிக்கு அஞ்சியவர்களுக்கு அது வரமாகவே தோன்றியிருக்கும். சர்க்கரையைக் குறைத்தது, அதில் ஐயமில்லை. குறைந்த சர்க்கரை இரத்தக் குழாய்களையும் காக்குமா? இதற்கு விடை தேடிப் பல்கலைக்கழகம் சார்ந்த மருத்துவமனைகள் 1961இல் கூட்டாக ஓர் ஆய்வைத் தொடங்கின. நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். மாத்திரை உண்ட 204 பேரில் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தவர் 26 பேர். மருந்தற்ற வெற்று மாத்திரை உண்ட 205 பேரில் 10 பேர்.

இதழ் வெளிவருமுன்பே, 1970 மே மாதத்தில், செய்தி நாளேடுகளுக்குக் கசிந்துவிட்டது. முழு அறிக்கையைக் கண்ணால் காணாத மருத்துவர்கள் நோயாளிகளுக்கு விடை சொல்ல வேண்டியதாயிற்று.

மறுத்தவர்களை மருந்து வணிகத்தின் கையாட்கள் என ஒதுக்கிவிடுதல் எளிது, நேர்மையன்று. பாஸ்டன் நகரத்து ஜாஸ்லின் மருத்துவமனையின் மூத்த மருத்துவர்களும் அவர்களுள் இருந்தனர். சர்க்கரையின் அளவைப் பாராமல் எல்லோர்க்கும் ஒரே அளவு மருந்து கொடுத்தது முறையா என்று கேட்டனர். மூலத் தரவுகளைக் காட்டுங்கள் என்றனர். ஆய்வாளர்கள் இசையவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வேயாயினும் அத்தாள்கள் அரசு ஆவணங்கள் ஆகா. தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் அவற்றைக் கோர முடியாது என்று 1980இல் தீர்ப்பாயிற்று. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் சுவடியைக் காட்டாமல் பதிப்பை மட்டும் நம்பச் சொன்னால் நாம் ஒப்புவோமா?

மருந்துடன் வரும் குறிப்பில் எச்சரிக்கை ஏறியது 1984இல்தான். பின்னர் 1998இல் வெளியான பிரிட்டானியப் பேராய்வு, இதே வகையைச் சேர்ந்த வேறு மாத்திரைகளால் மாரடைப்பு மிகுந்ததாகக் காணவில்லை. இருபத்தாறுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட அந்தப் பதினாறு மரணங்களின் பொருள் இன்னும் விவாதத்துக்குரியதாகவே நிற்கிறது.

ரோசிகிளிட்டசோன் என்ற மருந்தைக் குறித்து 2007இல் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. புதிய நீரிழிவு மருந்துகள் இதயத்துக்கு ஊறு செய்யவில்லை என ஆய்ந்து காட்டுமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008 டிசம்பரில் நிறுவனங்களிடம் கூறியது. அதையொட்டி நடந்த ஆய்வொன்றே, எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை இதயநோயுள்ள நீரிழிவாளரிடையே இதயநோய் மரணங்களைக் குறைப்பதை 2015இல் வெளிப்படுத்தியது. தீங்கில்லை என்று காட்டப் புகுந்தவர்கள் நன்மையைக் கண்டார்கள்.