ஆளிவிதையின் கதை

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடனே மாணவர் உள்ளத்தில் முடிமன்னர்களும் போர்க்களங்களும் தோன்றுவது இயல்பு. பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் இதனை நான் நன்கு அறிவேன். ஆனால் மனிதன் உண்ணும் ஒவ்வொரு பொருளுக்கும் வரலாறு உண்டு. அப்பொருள் எங்கே பிறந்தது, யார் உண்டார்கள், யார் உண்ணாது விட்டார்கள், எந்த நோய்க்கு நல்லது என்று எந்தக் காலத்தில் யார் கண்டார்கள் என்பனவெல்லாம் ஆராய்தற்குரியனவே. இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஆளிவிதை. இதயத்துக்கு நல்லது என்று கடைதோறும் விற்கப்படும் இவ்விதைக்கு அந்தப் பெயர் எவ்வாறு வந்தது, அது எவ்வளவு உண்மை என்பதே நாம் காணவேண்டியது.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஆளி என்றால் நம் கோயில் தூண்களில் பிடரியைச் சிலிர்த்து நிற்கும் விலங்கு உங்களுக்கு நினைவு வரலாம். அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வடமொழியில் இச்செடிக்கு அதசி என்று பெயர். இந்தியில் அல்சி என்பர். அதன் பூ நீலநிறமானது. வடமொழியாளர் கண்ணனின் மேனிக்கு அதசிப் பூவை உவமை கூறுவர். அதே இடத்தில் தமிழ்ப் புலவர்க்குக் கை கொடுப்பது காயாம்பூ. இதிலிருந்தே ஆளி நம் தமிழ்நாட்டு வயல்களுக்கு உரிய பயிர் அன்று என்பதை ஊகித்துக்கொள்ளலாம். அது குளிர் காலத்தை நாடும் செடி. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் அதற்குச் சூட்டிய லத்தீன் பெயருக்கு 'மிகமிகப் பயன்படும் ஆளி' என்று பொருள். லத்தீனில் ஆளியைக் குறிக்கும் 'லினம்' என்ற சொல்லின் வழியேதான் ஆங்கிலத்தில் லினன் என்னும் துணிப்பெயரும், கோட்டைக் குறிக்கும் லைன் என்ற சொல்லும், சட்டையின் உட்புறத் துணியாகிய லைனிங்கும் வந்தன.

மனிதன் இச்செடியை முதலில் நாடியது நாருக்காகவே என்று தோன்றுகிறது. காக்கேசிய மலைப்பகுதியில், சியார்சியா நாட்டுக் குகை ஒன்றில் கிடைத்த காட்டு ஆளியின் நார்கள் ஏறத்தாழ 30,000 ஆண்டு பழமையானவை என்று 2009ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அவற்றுள் சில சாயம் ஏற்றப்பட்டவை. எகிப்தியர் தம் மன்னரின் உடலைச் சுற்றிப் பாதுகாத்ததும் ஆளிநார்த் துணியாலேயே. ஆனால் விதையையும் எவரும் வீணாக்கவில்லை. 1854ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் சூரிச்சு ஏரியில் நீர் வற்றியபொழுது, தண்ணீரினடியில் புதைந்து கிடந்த கற்காலக் குடியிருப்பு வெளிப்பட்டது. அத்தகைய ஏரிக் குடியிருப்புகளின் சேற்றில் கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றோடு ஆளிவிதையும் கிடைத்தது.

உண்டதற்கு எழுத்துச் சான்று வேண்டுமானால் கிரேக்க நாட்டுக்குப் போகவேண்டும். கி.மு. 425ஆம் ஆண்டில் ஏதென்சு நகரத்தார்க்கும் சுபார்த்தா நகரத்தார்க்கும் நடந்த போரில், சுபாக்டீரியா என்ற சிறு தீவில் சுபார்த்தப் படைவீரர் 420 பேர் தம் ஏவலாளரோடு அகப்பட்டுக்கொண்டனர். கடலைச் சுற்றி ஏதென்சின் கப்பல்கள். உள்ளே உணவு இல்லை. உணவு கொண்டு சேர்க்கும் அடிமைக்கு விடுதலை தருவதாகச் சுபார்த்தா அறிவித்தது. முத்துக் குளிப்பாரைப் போல் மூச்சடக்கி நீந்தவல்ல சிலர், தோற்பைகளைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு, நீரின் அடியிலேயே சென்று தீவை அடைந்தனர். அப்பைகளில் இருந்தவை தேனில் குழைத்த கசகசாவும் இடித்த ஆளிவிதையுமாம். அக்காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் துசிடிடீசு இதனை எழுதிவைத்துள்ளார். எழுபத்திரண்டு நாள் முற்றுகைக்குப் பிறகு எஞ்சிய 292 பேர் சரண் அடைந்தனர். விதை அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆயினும் அதனை 'இடித்த' விதை என்று அவர் குறித்திருப்பதை மாணவர்கள் மறவாதிருக்க வேண்டும். அதன் பொருள் பின்னர் விளங்கும்.

உரோமாபுரியில் நிலைமை மாறிவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, வட இத்தாலியில் ஆளிவிதையால் செய்த இனிய உணவு ஒன்று நாட்டுப்புறத்தாரிடம் வழங்கியது என்றும், தம் காலத்தில் அது வழிபாட்டுப் படையலுக்கு மட்டுமே ஆகிவிட்டது என்றும் எழுதுகிறார். பழைய உணவுகள் மனிதன் தட்டிலிருந்து மறைந்த பின்னும் தெய்வத்தின் தட்டில் சிலகாலம் நிலைத்திருப்பதை நம் நாட்டிலும் காண்கிறோம் அல்லவா? ஐரோப்பா மறந்ததை எத்தியோப்பியா மறக்கவில்லை. 1927ஆம் ஆண்டில் அங்குச் சென்ற உருசியத் தாவர அறிஞர் வவிலோவ், அந்நாட்டு உழவர் ஆளியை நாருக்காக அன்றி விதைக்காகவே, உணவாகவே பயிரிடுவதைக் கண்டார். வறுத்துப் பொடித்த ஆளியை நீரில் கலந்து அவர்கள் அருந்தும் 'தெல்பா' இன்றும் வழக்கில் உள்ளது. நம் அண்டையிலுள்ள தக்காணத்திலும் அவ்வாறே. வட கருநாடகத்தில் சோள ரொட்டிக்குத் துணையாக அகசிப் பொடியும், மராட்டியத்தில் சவசுச் சட்னியும் இன்றும் உண்ணப்படுகின்றன. இவையெல்லாம் வறுத்து இடித்தவை.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். எட்டாம் நூற்றாண்டில் சார்லமேன் பேரரசர் தம் குடிகள் ஆளிவிதை உண்ணவேண்டும் என்று சட்டம் இயற்றினார் என்று பல நூல்களில் காண்பீர்கள். அவர் காலத்துப் பண்ணை ஆணைகள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. நெசவுக் கூடங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு ஆளிநாரும் கம்பளியும் உரிய காலத்தில் கொடுக்கவேண்டும் என்றே அவற்றில் உள்ளது. உண்ணும்படி கட்டளை இல்லை. பழங்கால மருத்துவர்கள் ஆளியைக் கொண்டாடியதும் உண்மையே. ஆனால் எதற்கு? கட்டி பழுக்கக் களிம்பாகவும், மலச்சிக்கலுக்கும், இருமலுக்குமே. இதயத்துக்கு என்று அவர்கள் கருதவில்லை. குருதிக் குழாயில் கொழுப்புப் படிந்து மாரடைப்பு வரும் என்ற அறிவே பிற்காலத்தது. ஆகவே, ஆளிவிதை இதயத்தைக் காக்கும் என்று முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டனர் என்று யாரேனும் சொன்னால், ஏற்பதற்கு முன் சான்று கேளுங்கள்.

பின்னர் வந்த காலத்தில் ஆளி மேலைநாட்டாரின் சமையலறையை விட்டு வண்ணக் கடைக்குக் குடிபெயர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் யான் வான் ஐக் முதலிய ஓவியர்கள் நிறப்பொடியை ஆளி எண்ணெயில் குழைத்துத் தீட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக இவ்விதை இங்கிலாந்துக்குச் சென்றதும் வண்ணம், வார்னிசு ஆகியவற்றின் பொருட்டே. பிரெடரிக் வால்ட்டன் என்பவர் இவ்வெண்ணெயை இறுகச் செய்து தரைவிரிப்பு ஆக்கி, 1863இல் காப்புரிமை பெற்றார். அதுதான் லினோலியம். எங்கள் பள்ளியிலும் ஆண்டுதோறும் கிரிக்கெட் மட்டைகளுக்கு இவ்வெண்ணெயைத் தடவி வெயில் படாமல் வைப்பது வழக்கம். கை துடைத்த கந்தல் மறுநாள் அட்டைபோல் விறைத்துக் கிடக்கும். நல்லெண்ணெய் அவ்வாறு விறைப்பதில்லையே, இது ஏன் விறைக்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை காண்பதில்தான் இதயத்தின் கதையும் தொடங்குகிறது. ஆளி எண்ணெயில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஆல்பா லினோலெனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம். இப்பெயரும் லினம் என்ற சொல்லின் வழி வந்ததே. இதன் கரியணுச் சங்கிலியில் மூன்று இடங்களில் இரட்டைப் பிணைப்பு உள்ளது. காற்றிலுள்ள உயிர்வாயு அப்பிணைப்புகளைத் தாக்கும்பொழுது சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உறைகின்றன. வண்ணம் காய்வதும் மட்டையில் எண்ணெய் பிடிப்பதும் இதனாலேயே. 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் சார்சு பர், மில்டிரெட் பர் என்ற கணவனும் மனைவியும் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவை ஊட்டிப் பார்த்தனர். எலிகள் வளர்ச்சி குன்றின. வால் செதில் செதிலாயிற்று. உடலால் ஆக்கிக்கொள்ள இயலாத, உணவிலிருந்தே பெறவேண்டிய கொழுப்பமிலங்கள் உண்டு என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. ஆல்பா லினோலெனிக் அமிலமும் அவற்றுள் ஒன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இன்று ஒமேகா மூன்று என்று எல்லோரும் சொல்கிறார்களே, அக்குடும்பத்தின் தாவர வகை இதுவே.

1970ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு மருத்துவர்களாகிய பாங், டையர்பெர்க்கு இருவரும் கிரீன்லாந்துக்குச் சென்றனர். அங்குள்ள இனூயிட்டு மக்கள் சீலையும் மீனையும் பெரிதும் உண்பவர். அவர்களது குருதியில் தீய கொழுப்பு குறைவாக இருந்தது. மாரடைப்பும் குறைவு என்று கருதப்பட்டது. மீன் கொழுப்பிலுள்ள ஒமேகா மூன்றே காரணம் என்ற கருத்து உலகெங்கும் பரவியது. அந்த அலையில் ஆளியும் மேலெழுந்தது. கனடா நாட்டு மருத்துவர் சிலர் 2014இல் பழைய கணக்குகளைத் திரும்ப ஆராய்ந்து, இனூயிட்டு மக்களிடையே இதயநோய் குறைவு என்பதற்கே தக்க சான்று இல்லை என்று எழுதினார்கள். ஒரு கருத்து பிறந்த தொட்டிலே ஆட்டம் கண்டது எனலாம். மேலும், ஆளியிலுள்ள தாவர வகையை நம் உடல் மீனிலுள்ள வகையாக மாற்றிக்கொள்வது மிகச் சிறிய அளவே.

எனவே நேரடிச் சோதனை வேண்டியதாயிற்று. பிரான்சில் இலியோன் நகரத்தில் ஒருமுறை மாரடைப்புக் கண்ட 605 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெண்ணெய்க்குப் பதிலாக ஆல்பா லினோலெனிக் அமிலம் மிகுந்த மார்கரினையும், காய் கனி ரொட்டி மிகுந்த உணவையும் கொடுத்தனர். 1994இல் வெளியான முடிவு வியப்பளித்தது. மற்றப் பிரிவில் இதயநோயால் 16 பேர் இறக்க, இப்பிரிவில் இறந்தவர் 3 பேரே. ஆனால் உணவு முழுவதையும் மாற்றிய பிறகு நன்மையை ஓர் அமிலத்தின் கணக்கில் மட்டும் எழுதலாமா? 2010இல் நெதர்லாந்தில் அவ்வமிலத்தைத் தனியே சோதித்தனர். மாரடைப்புக் கண்ட 4,837 பேர்; நாற்பது மாதம்; நாள்தோறும் 2 கிராம் என்ற குறியளவு. இதயநோய் நிகழ்ச்சிகள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இதனை விளம்பரங்கள் சொல்வதில்லை.

அப்படியானால் ஆளிவிதையால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அது எண்ணெயில் மட்டும் இல்லை. விதையில் பத்தில் நான்கு பங்கு எண்ணெய். எஞ்சியதில் நார்ப்பொருளும் புரதமும் மிகுதி. ஊறவைத்தால் கஞ்சிபோல் வழவழக்கும் பசை, குடலில் பித்தநீரின் அமிலங்களைப் பிடித்து வெளியேற்றுகிறது. கல்லீரல் இழந்ததை ஈடுசெய்யக் குருதியிலுள்ள கொலசுட்ராலை எடுத்துப் புதிய பித்தநீர் ஆக்குகிறது. அன்றியும் லிக்னன் என்ற பொருள் இவ்விதையில் பிற உணவுகளைக் காட்டிலும் பன்மடங்கு உள்ளது. 2009இல் 28 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபொழுது, விதையாக உண்டவர்க்குத் தீய கொலசுட்ரால் சிறிது குறைந்திருந்தது. எண்ணெயாக மட்டும் உண்டவர்க்குக் குறையவில்லை.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது கனடாவின் வின்னிபெக் நகரச் சோதனை. 2013இல் அதன் முடிவு வெளிவந்தது. காலின் குருதிக் குழாய் சுருங்கி, நடந்தால் வலிக்கும் நோயுற்றோர் 110 பேர். அவர்களுட் பலர் குருதி அழுத்தத்துக்கு ஏற்கெனவே மருந்து உண்டு வந்தவர். ஒரு பிரிவினர் நாள்தோறும் 30 கிராம் பொடித்த ஆளி கலந்த ரொட்டி, மஃபின் போன்றவற்றை உண்டனர். மறுபிரிவினர் ஆளி கலவாத அதே பண்டங்களை உண்டனர். எவர்க்கு எது என்பது உண்டவர்க்கும் தெரியாது, சோதித்தவர்க்கும் தெரியாது. ஆறு மாதத்தில் ஆளி உண்டவர்களின் குருதி அழுத்தத்தின் மேலளவு மற்றவரைவிட ஏறத்தாழ 10 அலகும் கீழளவு 7 அலகும் குறைவாக இருந்தன. ஓர் உணவுப்பொருள் இவ்வளவு செய்வது அரிது. பல சோதனைகளைச் சேர்த்து 2015இல் கணக்கிட்டவர்களோ, சராசரி இறக்கம் 2 அலகுக்கும் குறைவு என்றனர். மூன்று மாதத்துக்கு மேல் விதையாகவே உண்டவர்க்குப் பயன் மிகுதி என்றும் கண்டனர். என் கருத்தில் வின்னிபெக் முடிவைப் பொய் என்று தள்ளவும் வேண்டா, அதையே வேதமாகக் கொள்ளவும் வேண்டா. நோய் முற்றியவர்களிடம் கண்ட பயனை நலமுள்ள இளைஞரிடம் அதே அளவில் எதிர்பார்க்க இயலாது.

கனடா அரசின் நலத்துறை 2014இல் ஒரு வாசகத்தை மட்டும் அனுமதித்தது: பொடித்த ஆளிவிதை கொலசுட்ராலைக் குறைக்க உதவுகிறது என்று விற்பவர் எழுதலாம். அதற்கான அளவு நாளைக்கு 40 கிராம், அதாவது ஏறத்தாழ ஐந்து மேசைக்கரண்டி. சிட்டிகையாகத் தூவிக்கொண்டு பயன் காண நினைப்பவர் இந்த எண்ணைக் கவனிக்கவேண்டும். மாரடைப்பைத் தடுக்கும் என்று எழுத அவ்வனுமதியில் இடமில்லை.

இப்பொழுது 'இடித்த' என்ற சொல்லுக்கு வருவோம். ஆளிவிதையின் தோல் வழுவழுப்பானது, கடினமானது. முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். நெதர்லாந்தில் 2005இல் அளந்து பார்த்தவர்கள், முழு விதையை உண்பவர் உடலில் சேரும் லிக்னன், பொடித்து உண்பவர்க்குச் சேர்வதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றனர். கிரேக்க அடிமையும் எத்தியோப்பிய உழவனும் தார்வாட்டுப் பாட்டியும் ஆய்வகம் இன்றியே கண்ட முறை சரியானதே. பொடித்தபின் காற்றுப் பட்டால், வண்ணத்தைக் காயவைக்கும் அதே உயிர்வாயு இதனையும் கெடுத்துக் காறலாக்கும். ஆகவே அவ்வப்போது இடித்துக்கொள்வதும், மூடிக் குளிர்ந்த இடத்தில் வைப்பதும், உண்டபின் நீர் நிறைய அருந்துவதும் வேண்டும். குருதி உறையாதிருக்கவோ அழுத்தம் குறையவோ மருந்து உண்பவர் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். பச்சை விதையில் மிகச் சிறிதளவு நச்சுப்பொருளும் உண்டு. லினமாரின் அவ்வகையைச் சேர்ந்தது. மரவள்ளிக் கிழங்கிலும் இருப்பது அதுவே. கிழங்கை நாம் வேகவைத்து நீரை வடித்துவிடுகிறோம்; ஆளியைத் தக்காணத்தார் வறுத்துக்கொள்கிறார்கள்.