முறிமருந்தும் மனிதப் பரிவும்

போதைப்பொருளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனை விற்றவரையும் நுகர்ந்தவரையும் பற்றியே எழுதுவர். நஞ்சேறி மயங்கிக் கிடந்தவரின் மூச்சை மீட்க மனிதர் நடத்திய போராட்டமும் ஒரு வரலாறே. அதனையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

அபினிலிருந்து மோர்பினைப் பிரித்தெடுத்தவர் ஜேர்மனியரான சேர்ட்டூர்னர். தாமும் மூன்று இளைஞரும் அதனை உட்கொண்டு நஞ்சேறியபோது, காடியைப் பருகி வாந்தியெடுத்தே அவர்கள் தப்பினர். இச்சோதனையை அவர் 1817இல் வெளியிட்டார். 1898இல் ஹெரோயின் இருமல் மருந்தாகவே சந்தைக்கு வந்தது. விற்பனை விரைந்த அளவிற்கு முறிமருந்து விரையவில்லை. கடுங்கோப்பி பருக்குவதும், தாங்கிப்பிடித்து நடத்துவதும், ஈரத்துணியால் அடித்து விழித்திருக்கச் செய்வதுமே பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிகிச்சையாயின.

அபின் இனப் பொருள்கள் மூளையிலே மூச்சை இயக்கும் பகுதியை அடக்குவன. ஆகவே அவசர சிகிச்சைப் பிரிவின் தாதி மூன்று குறிகளை நோக்குகின்றார்: நினைவிழந்த நிலை, ஊசிமுனை போற் சுருங்கிய கண்மணி, மந்தமான மூச்சு. மூச்சுவழியைத் திறந்து காற்றூட்டுவதே முதற் கடமை. அடுத்தது நலொக்சோன் என்னும் முறிமருந்து. நஞ்சு பற்றியுள்ள இடத்திலிருந்து அதனை விலக்கி அம்மருந்து தான் அமர்கின்றது. சில நிமிடங்களில் மூச்சு மீள்கின்றது. ஆயின் அதன் ஆற்றல் 30 முதல் 90 நிமிடம் வரையே நிலைக்கும். நஞ்சு அதனினும் நீடிக்கக்கூடும். கண்விழித்தவர் மீண்டும் மூச்சடங்கலாம் என்பதனால் தாதி அவரருகே காத்திருத்தல் வேண்டும்.

நியூயோர்க்கில் ஜக் பிஷ்மனும் லெவென்ஸ்டைனும் 1961இல் காப்புரிமை கோரிய இம்மருந்தை அமெரிக்க அரசு 1971இல் அங்கீகரித்தது. ஆயினும் பூட்டிய அறையிலும் தெருவோரத்திலும் மூச்சடங்கியோருக்கு வைத்தியசாலை மருந்து எவ்வாறு எட்டும்? 1996இல் சிக்காகோவிலே தன்னார்வலர் சிலர் அதனைப் போதைக்கு ஆட்பட்டோர் கையிலேயே கொடுக்கத் தொடங்கினர். இது தீயபழக்கத்துக்கு ஊக்கமளிப்பதாகும் என எதிர்த்தோர் பலர். 2003இல் பிஷ்மனின் மனைவியின் மகனே ஹெரோயின் நஞ்சால் மாண்டான். 2021இல் மட்டும் அந்நாட்டில் போதைப்பொருள் நஞ்சால் இறந்தோர் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோரைக் கொன்றவை அபின் இனப் பொருள்களே. மூக்கில் விசிறும் நலொக்சோனை வைத்தியர் சீட்டின்றி வாங்கும் உரிமை 2023இலேயே கிட்டியது.

அங்கீகாரத்துக்கும் அவ்வுரிமைக்கும் இடையே 52 ஆண்டுகள். இத்தாமதத்தை விஞ்ஞானத்தின் குறையென்று கூறல் பொருந்தாது. வீழ்ந்தவன் தகுதியுடையவனா என ஆராய்ந்த பின்னரே கைகொடுக்கும் சமூகத்தின் குறையே அது. கட்டிலருகே நிற்கும் தாதி அவ்வாறு ஆராய்வதில்லை. மூச்சையே முதலில் மீட்கின்றார். அந்த ஒழுங்கைச் சமூகமும் கற்றல் வேண்டும்.