தாய்மடியும் ஐ.நா. சபையும் - ஓர் அறிக்கையின் கதை

ஐ.நா. சபை, உலக சுகாதார நிறுவனம்னு சொன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது தடுப்பூசி, பஞ்சம், போர் நிறுத்தம் இதெல்லாம்தான். மனசைப் பத்திப் படிக்கிற உளவியல்காரங்களுக்கு அங்கே என்ன வேலைன்னு தோணலாம். நிறையவே இருக்கு. அதுல ஒரு கதையைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்சப்ப ஐரோப்பா முழுக்க வீடில்லாத குழந்தைகள். அப்பா அம்மா செத்துப்போனவங்க, பிரிஞ்சவங்க, எங்கே இருக்காங்கன்னே தெரியாதவங்க. இவங்களை எங்கே வச்சு எப்படி வளர்க்கிறது? 1948ல் ஐ.நா.வின் சமூக ஆணையம் இதைப் பத்தி ஓர் ஆய்வு வேணும்னு முடிவு பண்ணுச்சு. மனநலம் சம்பந்தப்பட்ட பகுதியை உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்கிட்டு, 1950ல் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் இருந்த ஜான் பௌல்பி கிட்ட ஒப்படைச்சது.

பௌல்பி கேம்பிரிட்ஜில் உளவியல் படிச்சு, அப்புறம் டாக்டருக்கும் படிச்சவர். வசதியான ஆங்கிலக் குடும்பம். அந்தக் கால வழக்கப்படி அவரை வளர்த்தது ஆயாதான். தன்கிட்ட ரொம்பப் பிரியமா இருந்த ஆயா ஒருத்தர், அவருக்கு நாலு வயசு ஆகும்போது வேலையை விட்டுப் போனது தாயை இழந்த மாதிரி இருந்ததுன்னு பிற்பாடு சொல்லியிருக்கார்.

ஆறே மாசம்தான் அவகாசம். பிரான்ஸ், ஹாலந்து, ஸ்வீடன், ஸ்விட்சர்லாந்து, அமெரிக்கான்னு சுத்தி, குழந்தைகளோட வேலை செய்றவங்களைப் பார்த்துப் பேசினார். அதுவரை வந்த ஆய்வுகளையும் ஒண்ணுவிடாமப் படிச்சார். அதுல முக்கியமானது ரெனே ஸ்பிட்ஸ் 1945ல் இருந்து வெளியிட்ட ஆய்வுகள். ஸ்பிட்ஸ் ரெண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒண்ணு சிறைச்சாலையோட சேர்ந்த குழந்தைகள் காப்பகம். அங்கே கைதியான அம்மாக்களே குழந்தைகளைப் பார்த்துக்கிட்டாங்க. இன்னொண்ணு அனாதைக் குழந்தைகள் இல்லம். சுத்தமான இடம், நல்ல சாப்பாடு, ஆனா ஒரு நர்சுக்கு எட்டுக் குழந்தைகள் வரைக்கும். அந்த இல்லத்தில் இருந்த 91 குழந்தைகளில் 34 பேர் ரெண்டு வருஷத்துக்குள்ள இறந்துபோனாங்க. சிறைச்சாலைக் காப்பகத்தில் ஒரு குழந்தைகூட சாகலை. சோறும் சோப்பும் மட்டும் போதாதுங்கிறதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்?

1951ல் பௌல்பியோட அறிக்கை வந்தது. சாராம்சம் ரொம்ப எளிமை. சின்ன வயசுல தாயோ, தாய் ஸ்தானத்துல நிலையா இருக்கிற ஒருத்தரோ கொடுக்கிற அன்பு, உடம்புக்கு வைட்டமினும் புரதமும் எவ்வளவு முக்கியமோ மனசுக்கு அவ்வளவு முக்கியம். அதனால பெரிய விடுதிகள் கட்டுறதை விட, ஏழைக் குடும்பம் உடையாம இருக்க உதவி பண்ணுங்க. முடியாட்டி இன்னொரு குடும்பத்துல வையுங்க. இந்த அறிக்கை 14 மொழிகளுக்குப் போச்சு.

உடனே பலன் தெரிஞ்ச இடங்களில் ஒண்ணு ஆஸ்பத்திரி. அந்தக் காலத்து இங்கிலாந்தில் பல ஆஸ்பத்திரிகளில் குழந்தையைச் சேர்த்துட்டா அம்மா வாரத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறதே பெரிசு. பௌல்பியோட வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சன், ஆஸ்பத்திரியில் தனியா இருந்த ரெண்டு வயசுக் குழந்தையை 1952ல் படமா எடுத்தார். டாக்டர்கள் பலருக்குப் பயங்கரக் கோபம். ஆனா 1959ல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெத்தவங்க எப்ப வேணும்னாலும் வந்து பார்க்கலாம்னு பரிந்துரை பண்ணுச்சு.

எல்லாமே நல்லதா நடந்துச்சான்னா, இல்லை. வேலைக்குப் போற அம்மாக்களைக் குத்திக் காட்ட இந்த அறிக்கை ஒரு ஆயுதமாச்சு. மானுடவியலாளர் மார்கரெட் மீட் இதைக் கடுமையா எதிர்த்தார். பல கைகளில் மாறி மாறி வளர்ற குழந்தைகளும் நல்லாத்தான் இருக்காங்கன்னார். பாட்டி, அத்தை, சித்தின்னு வளர்ந்த நமக்கு இது புரியாதா என்ன! 1962ல் உலக சுகாதார நிறுவனமே இந்தச் சர்ச்சைகளை எல்லாம் சேர்த்து ஒரு மறுபரிசீலனை நூல் போட்டது. மீட் எழுதினதும் அதுல இருக்கு. பௌல்பி பக்கம் நின்னு பதில் சொன்னவர் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த். ஓர் அமைப்பு தன்னோட அறிக்கையைத் தானே கேள்விக்கு உட்படுத்தினது எனக்குப் பிடிச்ச விஷயம்.

இப்ப ருமேனியாவுக்கு வருவோம். ஜனத்தொகையைப் பெருக்கணும்னு சௌஷெஸ்கு அரசு 1966ல் கருக்கலைப்பைத் தடை செஞ்சது. வளர்க்க முடியாத குழந்தைகளைச் சனங்க அரசு இல்லங்களில் விட்டுட்டுப் போனாங்க. 1977ல் பல்கலைக்கழகங்களில் உளவியல் படிப்பையே மூடிட்டாங்க. 1989 டிசம்பரில் ஆட்சி விழுந்தப்ப, அந்த இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல குழந்தைகள். பேச்சு வராம, தொட்டிலைப் பிடிச்சுக்கிட்டு முன்னும் பின்னும் ஆடிக்கிட்டு இருந்த பிஞ்சுகளை உலகம் டிவியில் பார்த்துச்சு.

2000ல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூணு அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினாங்க. 136 குழந்தைகள். குலுக்கல் மாதிரிப் பிரிச்சு பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினாங்க. மீதிப் பேருக்கு வழக்கமான ஏற்பாடுதான். இது நியாயமான்னு கேள்வி வந்தது, வரவும் வேணும். அந்த ஊரில் அப்போ வளர்ப்புக் குடும்ப முறையே அநேகமா இல்லை, ஆய்வுக்காரங்கதான் 56 குடும்பங்களைத் தயார் பண்ணினாங்க. மீதிக் குழந்தைகளுக்கு வேற வழியா குடும்பம் கிடைச்சா தடுக்கிறதில்லைன்னும் விதி வச்சாங்க.

முடிவு 2007ல் வெளியாச்சு. நாலரை வயசில் இல்லத்துப் பிள்ளைகளுக்கு சராசரி ஐ.க்யூ. 73, குடும்பத்துக்குப் போனவங்களுக்கு 81, பெத்தவங்ககிட்டயே வளர்ந்த குழந்தைகளுக்கு 109. ரெண்டு வயசுக்கு முன்னாடி குடும்பத்துக்குப் போனவங்க அதிகமா தேறியிருந்தாங்க. இதுக்கு நடுவுல, 2004ல் போட்ட சட்டத்தில், கடுமையான ஊனம் உள்ளவங்க தவிர, ரெண்டு வயசுக்குக் கீழே யாரையும் இல்லத்தில் விடக்கூடாதுன்னு ருமேனியா தடை விதிச்சது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரணும்கிற நெருக்கடியும் அதுக்குக் காரணம். ஆராய்ச்சி மட்டுமே சட்டத்தை மாத்திடாது. மாத்தணும்னு அரசியல்வாதிக்கு ஒரு தேவை வரும்போது, கையில ஆதாரம் தயாரா இருக்கணும், அவ்வளவுதான்.

2009ல் ஐ.நா. பொதுச்சபை மாற்றுப் பராமரிப்புக்கான வழிகாட்டு நெறிகளை ஏத்துக்கிட்டது. முக்கியமா மூணு வயசுக்குக் குறைஞ்ச குழந்தைகளைக் குடும்பச் சூழலில்தான் வைக்கணும்னு அதுல இருக்கு. நம்ம ஊர் 2015 சிறார் நீதிச் சட்டமும், இல்லத்தில் சேர்க்கிறது கடைசி வழியாத்தான் இருக்கணும்னு சொல்லுது.

பௌல்பி அறிக்கை வந்தது 1951, ஐ.நா. நெறிகள் வந்தது 2009. இடையில் 58 வருஷம். தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கோ ரெண்டு, மூணு வருஷம் போறதே பெரிய இழப்பு. அடுத்த தடவை யாராவது ஓர் அனாதை இல்லத்துக்கு நன்கொடை கேட்டு வந்தா, கட்டடம் எவ்வளவு பெரிசுன்னு கேக்காம, ஒரு ஆயாவுக்கு எத்தனை குழந்தைங்கன்னு கேளுங்க.